விண்டோஸ் 10 போச்சு, இனி 11-ஆ மிண்டா? ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் கணக்கு

மார்த்தாண்டத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். ஒரு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப், ரெண்டுமே இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சு, சரி 11 போடலாம்னு பாத்தா இன்டெல்னா எட்டாம் தலைமுறையில இருந்துதான் ஏறும், டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பும் வேணும்னு கேக்கு. நல்லா ஓடிட்டு கெடக்க மிஷின தூக்கி பழைய இரும்புக்கு போடவா?

முதல்ல லேப்டாப்ல, பென்டிரைவ்ல இருந்து விண்டோஸ் ஏத்த உதவுற ரூஃபஸ்ங்குற சாஃப்ட்வேர் வச்சு அந்த செக்கிங்க தாண்டி 11-ஐ போட்டேன். ஏறிச்சு, ஓடவும் ஓடிச்சு, ஆனா இப்படி போட்டா அப்டேட் தொடர்ந்து வரும்னு உறுதி கெடையாதுன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிருக்கு. ஊர்க்காரங்க ஆதாரும் பத்திரமும் ஸ்கேன் பண்ணுற மிஷின்ல அந்த சூதாட்டம் எனக்கு சரிப்படல. ரெண்டு வாரத்துல அழிச்சிட்டு, விண்டோஸுக்கு பதிலா போடுற லினக்ஸ் மிண்ட் 22 போட்டேன். உபுண்டு 24.04-ங்குற இன்னொரு லினக்ஸ் மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, காசு கெடையாது. போடும்போ 'எரேஸ் டிஸ்க்'ன்னு இருந்தத அவசரத்துல அமுக்கி ரெண்டு வருஷ கல்யாண கார்டு டிசைன் மொத்தமும் போச்சு, அது என் புத்திகெட்ட வேலை, மிண்ட் மேல பழி போட முடியாது.

வேகத்துல பெருசா பேச ஒண்ணுமில்ல, ஹார்டு டிஸ்க கழட்டி எஸ்எஸ்டி போட்டா எதுவும் பறக்கும். ஆனா அப்டேட் விஷயத்துல மிண்ட் எனக்கு பிடிச்சிருக்கு. நான் சொன்னாதான் எறக்கும், கஸ்டமர் நிக்கும்போ ரீஸ்டார்ட்னு வந்து நிக்காது. நம்மூர்ல ஆனிலயும் மழை ஐப்பசிலயும் மழை, கரண்ட் எப்பம் போகும்னு தெரியாது, டெஸ்க்டாப்ல பாதி அப்டேட்ல கரண்ட் போனா என்ன ஆகும்னு ஒருக்கா பட்டவனுக்கு தெரியும்.

இனி தமிழ். கடையில டைப் பண்ணுற அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவங்க, கீபோர்ட குனிஞ்சே பாக்க மாட்டாங்க. "தம்பி, எந்த எளவ வேணா போடு, என் விரல் போற எடத்துல எழுத்து இருந்தா எனக்கு கொழப்பமில்ல"ன்னு சொல்லிட்டாங்க. விண்டோஸ்ல என்எச்எம் ரைட்டர்ங்குற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் வச்சு ஓட்டிட்டு இருந்தோம். மிண்ட்ல அதே வேலைய பாக்குற ஐபஸ் கூட எம்17என் பேக்கேஜ் போட்டா தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெட்டிக்னு கீபோர்டு முறை எல்லாம் வரிசையா வந்து நிக்கு. அக்கா ஒரு மத்தியானம் அடிச்சு பாத்துட்டு "கொள்ளாம்"னாங்க, அவ்வளவுதான் சர்ட்டிபிகேட்.

மாட்டினது பாமினிங்குற பழைய தமிழ் ஃபாண்ட்ல. கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ்னு பென்டிரைவ்ல வர்றதுல பாதி இன்னும் பாமினி, வானவில்தான். பாமினின்றது யுனிகோட் (எல்லா மிஷின்லயும் தமிழ தமிழாவே வைக்குற பொது முறை) கெடையாது, உள்ள இருக்கது இங்கிலீஷ் எழுத்து. 'அம்மா'ன்னு தெரியுற எடத்துல ஃபாண்ட் இல்லன்னா எம், கே, செமிகோலன், கே, எச்னு நிக்கும். கஸ்டமர் அத பாத்துட்டு "அண்ணே, வைரஸ் ஏறிட்டா?"ன்னு கேட்டுட்டாரு. ஃபாண்ட் ஃபைல காப்பி பண்ணி போட்டதும் சரியாச்சு. ஆனா யுனிகோட்ல வர்ற வேர்டு ஃபைல்லயும் ஒரு வம்பு உண்டு, லதா ஃபாண்ட்ல அடிச்சிருந்தா அது மிண்ட்ல கெடையாது, மிண்ட்ல வேர்டு ஃபைல தொறக்குற லிப்ரே ஆபீஸ் அதுக்கு பதிலா வேற தமிழ் ஃபாண்ட போட்டுக்கும், எழுத்து அகலம் வேற, ஒரு பக்கத்துல அடங்கின ஜாதக பயோடேட்டா ரெண்டாம் பக்கத்துல 'இப்படிக்கு'ன்னு ஒத்த வரியோட போய் நிக்கும். இப்பம் கஸ்டமர்ட்ட பிடிஎஃப்பா அனுப்புங்கன்னு சொல்லிடுதேன். பழைய டிடிபி சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் ஃபைல் வந்தா மட்டும் பேச்சே கெடையாது, அது விண்டோஸ் மிஷினுக்கு.

பிரிண்டர்ல ரெண்டு அனுபவம். எச்பி மல்டிஃபங்ஷன் குத்தினதும் மிண்ட் தானா பிடிச்சிட்டு, அதுக்கான டிரைவர் கூடவே வருது. கடையில பத்து வருஷமா உழைக்குற பழைய லேசர் பிரிண்டரோ மூணு ராத்திரி மல்லுக்கட்டியும் லினக்ஸ்ல ஒரு பேப்பர் தள்ளல. கணக்கு எழுதுற டாலி விண்டோஸ்ல மட்டும்தான். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து போடுற பென்டிரைவ் மாதிரி கருவி), கைரேகை வைக்குற கருவி எல்லாம் விண்டோஸ்லதான் வம்பில்லாம நடக்கு. அதனால டெஸ்க்டாப்ப தொடல. விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் உண்டு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு செட்டிங்ஸ பேக்கப் பண்ணினா காசில்லாமலே கெடைக்கும். அதுலதான் ஓடிட்டு இருக்கு.

புதுசா பழகணுமேன்னு வெப்ராளப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். எங்க அக்கா மகனுக்கு ஸ்கூல்ல கெடச்ச கவர்மென்ட் லேப்டாப்ல விண்டோஸ் கூடவே மத்திய அரசு நிறுவனமான சி-டாக் பண்ணின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, பய ஒரு நாள் கூட அத தொறக்கல. களியக்காவிளை தாண்டி பாறசாலையில இருக்க சொந்தக்கார பிள்ள, கேரளா ஸ்கூல்ல வருஷக்கணக்கா லினக்ஸ்லதான் படிப்பு, லீவுக்கு வந்தப்ப என் மிண்ட்ல உக்காந்து டைம்ஷிஃப்ட்ல ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டம் கெட்டா பழைய நெலைக்கு திரும்ப ஒரு நகல், எடுக்க எனக்கே சொல்லி குடுத்துச்சு. அந்த டிசைன் ஃபைல் போறதுக்கு முன்ன வந்திருந்தா பேக்கப் எடுடான்னாவது சொல்லிருக்கும்.

வீட்டு உபயோகம், படிப்பு, பிரவுசர், யூடியூப்னா மிண்ட கண்ண மூடிட்டு போடலாம். டாலியும் டோக்கனும் வச்சு பொழைக்குறவங்க எட்டாம் தலைமுறைக்கு மேல செகண்ட் ஹேண்ட் மிஷின் பாத்து 11-க்கு போறது நல்லது. என்ன மாதிரி ரெண்டும் கலந்த கடைன்னா ஒண்ணுல இது, ஒண்ணுல அது. விண்டோஸ் 10-க்கு அந்த கூடுதல் அப்டேட் முடியுற அக்டோபருக்குள்ள அந்த லேசர் பிரிண்டர மாத்தணும், அதுல இன்னும் ரெண்டு டோனர் பிரிக்காம கெடக்கு, அது தீரட்டும்.