பள்ளியில் மாத்திரை: மருத்துவர் சீட்டா, பெற்றோர் கடிதமா, பொது ஆணையா?

தலைவலி என்று வரும் பிள்ளைக்கு வீட்டில் பாராசிட்டமால் கொடுக்க யாரும் மருத்துவரைக் கேட்பதில்லை. அதே மாத்திரையைப் பள்ளிச் செவிலியர் கொடுத்தால் பல இடங்களில் விதிமீறல். அமெரிக்காவின் பல மாநிலங்களில், கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மருந்தைப் பள்ளியில் கொடுப்பதற்கும் மருத்துவர் ஆணை வேண்டும். இங்கிலாந்தில் அந்த வகை மருந்துக்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டுக்கும் நடுவே, மருத்துவர் ஒருவர் பள்ளி முழுமைக்கும் சேர்த்து எழுதித் தரும் பொது ஆணை என்று ஒன்று இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

முதலில் தனி ஆணை. இன்சுலின், வலிப்பு மருந்து போன்றவற்றுக்கு இதைவிட்டால் வேறு வழியே கிடையாது. இந்தப் பிள்ளைக்கு இந்த மருந்து, இந்த அளவு, இந்த நேரம் என்று தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காலையில் வந்து மதியம் போகிற தலைவலிக்கும் இதையே கேட்டால் என்ன ஆகும்? வேலையிலிருக்கும் அம்மாவுக்கு போன் போகும், பாதி நாள் வகுப்பு போகும். அப்புறம் பிள்ளைகளே பையில் மாத்திரையை ஒளித்துக் கொண்டுவருவார்கள், தோழிக்கும் ஒன்று கொடுப்பார்கள். செவிலியரின் பதிவேட்டில் எதுவும் ஏறாது. விதி எவ்வளவு இறுக்கமோ, அந்த அளவுக்கு மருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும்.

பெற்றோர் கடிதம் நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றும். பிள்ளையைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்? சரி, ஆனால் "காய்ச்சல் வந்தால் சிரப் கொடுக்கவும்" என்று எழுதிய கடிதத்தில் எடை இருக்காது. பாராசிட்டமாலின் வழக்கமான அளவு ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டில் மாறினால் அதே அளவு கரண்டியில் மருந்து இரண்டு மடங்காகிவிடும். போதாக்குறைக்குச் சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இன்று காலை வீட்டில் அதைக் கொடுத்தார்களா என்பது ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய கடிதத்துக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பிரின் இன்னும் மோசம். ரேஸ் சிண்ட்ரோம் என்ற அபூர்வமான, ஆனால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோயின் பயத்தால், மருத்துவர் எழுதித் தராமல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்கிறது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான அரசு வழிகாட்டுதல். கடிதம் இருந்தாலும் "கொடுக்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை செவிலியருக்கு இருந்தாக வேண்டும்.

பொது ஆணையில் அந்த உரிமை எழுத்திலேயே இருக்கும். எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எந்த எடைக்கு எவ்வளவு, யாருக்குக் கூடாது, எப்போது மருந்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அனுப்புவது என்று மருத்துவர் கையெழுத்திட்டுத் தருகிறார். பெற்றோரின் ஒப்புதலும் கூடவே வாங்கப்படுகிறது. ஆக, செவிலியர் ஆணையில்லாமல் மருந்து கொடுக்கவில்லை. ஆணையில் பிள்ளையின் பெயர் இல்லை, அவ்வளவே. கொடுக்கும் முன் அவர் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. விளையாட்டு மைதானத்தில் விழுந்து தலை இடித்தபின் வரும் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்புகிற விஷயமல்ல. சின்னம்மை கண்ட பிள்ளைக்கு ஐபுப்ரோஃபென் தவிர்க்க வேண்டியது. இதெல்லாம் கவனிக்கப் பயிற்சி வேண்டும். செவிலியர் விடுப்பில் போன அன்று அதே தாளை அலுவலக எழுத்தரிடம் நீட்டினால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. பல பள்ளிகளுக்கு முழுநேரச் செவிலியரே கிடையாது என்பதால் இது சின்னக் குறையும் அல்ல.

அவசர நேரத்தில் கணக்கே மாறிவிடுகிறது. கடும் ஒவ்வாமையில் மூச்சுக்குழல் அடைத்து, ரத்த அழுத்தம் விழும்போது அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. பிள்ளைக்கு அது வாழ்க்கையில் முதல் தடவையாகவே இருக்கலாம். அப்படியானால் அதன் பெயரில் ஆணை எங்கிருந்து வரும்? 2013ல் வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், பள்ளியில் இந்த ஊசியை இருப்பில் வைத்து, தேவைப்படும் எந்த மாணவருக்கும் பயிற்சி பெற்றவர் போட வழிசெய்யும் மாநிலங்களுக்கு மானியத்தில் முன்னுரிமை தந்தது. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகள் சீட்டில்லாமலே ஊசியை வாங்கி வைக்கலாம். ஆனால் அப்போது வந்த வழிகாட்டுதலில், ஆபத்து உண்டு என்று முன்பே தெரிந்து, மருத்துவ அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் உள்ள பிள்ளைகளுக்குத்தான் அது. முதல் தடவை மயங்கி விழும் பிள்ளையை நினைத்தால் அமெரிக்க வழியே மேல். தேவையில்லாமல் போட்டுவிட்டால் பெரும்பாலும் கொஞ்ச நேரம் படபடப்பும் நடுக்கமும். போடாமல் விட்டால் உயிரே போகலாம்.

ஆஸ்துமா இன்ஹேலரில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயன்படுத்தத் தெரிந்த பிள்ளை தன் பையிலேயே வைத்திருக்கட்டும், பூட்டிய அலமாரியில் வேண்டாம். வலி மாத்திரைக்கு அந்தச் சலுகை கூடாது.

பொது ஆணையை ஏற்கும் பள்ளியிடம் நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று எழுதி அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். மாலையில் மறுபடி காய்ச்சல் அடித்தால், அடுத்த வேளையை எப்போது கொடுக்கலாம் என்று வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.