22 பவுண்ட் கெட்டில்: ஒரு வருடம் புழங்கிய பிறகு

நியூ ஜெர்சியில் பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியும் நான் கெட்டில் வாங்கியதில்லை. குவளையில் தண்ணீர் ஊற்றி மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து, டீ பையைப் போட்டால் முடிந்தது. அமெரிக்க பாஸ்போர்ட்டோடு இந்தப் பழக்கமும் என்னோடு இங்கிலாந்தின் ரெடிங்குக்கு வந்து சேர்ந்தது.

வந்த இரண்டாவது வாரம் வீட்டு பாய்லரைப் பார்க்க ஒருவர் வந்தார். கருவிப் பெட்டியைக் கீழே வைத்தவர் அதைத் திறக்காமல் சும்மா நின்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவரே சிரித்தபடி, "பால் கொஞ்சம், சர்க்கரை ரெண்டு" என்றார். நியூ ஜெர்சியில் ரிப்பேருக்கு வருபவருக்கு மிஞ்சிப்போனால் ஒரு தண்ணீர் பாட்டில் நீட்டுவேன். சரி என்று மைக்ரோவேவை ஓடவிட்டேன். அது 'டிங்' என்றதும் அவர் தலை திரும்பியது. ஒரு வாய் குடித்துவிட்டு "இன்ட்ரஸ்டிங்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, இன்னொரு கப் போடவா என்றேன். "நோ, யூ ஆர் ஆல் ரைட்." நான் நல்லவன் என்கிறாராம்! மகிழ்ந்துபோய் இரண்டாவது கப்பும் போட்டுக் கொடுத்தேன். அந்த வாக்கியத்துக்கு இங்கே 'வேண்டாம்' என்று பொருள். 'இன்ட்ரஸ்டிங்' பற்றியும் பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலையே சூப்பர் மார்க்கெட்டில் அவர்களது சொந்தத் தயாரிப்பான இந்தக் கெட்டிலை வாங்கினேன். 1.7 லிட்டர், 3,000 வாட். விலைச்சீட்டில் 22 பவுண்ட், கவுன்டரிலும் அதே 22. வரியெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கடைசி நேரத்தில் விற்பனை வரி ஏறும் என்று எதிர்பார்த்து சில்லறையைக் கையில் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை. மறுபடி அட்டைப் பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டிய பிறகுதான் சுவரில் இருந்த சுவிட்ச் கண்ணில் பட்டது. அமெரிக்கச் சுவர் பிளக்கில் பொதுவாக சுவிட்ச் கிடையாது. மதுரையில் பிளக் சுவிட்சைத் தட்டித்தட்டி வளர்ந்தவன் இதை மறந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கெட்டிலின் வேகம் அபாரம். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆனதும் தளதளவென்று கொதிக்கிறது. காரணம் கெட்டில் அல்ல, சுவர். இங்கே மின்னழுத்தம் 230 வோல்ட், மூன்று கால் பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ். அதனால் 3,000 வாட் இழுக்க முடிகிறது. அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் கெட்டில்கள் பெரும்பாலும் 1,500 வாட்டோடு நின்றுவிடும், நேரமும் இரட்டிப்பாகும். அங்கே கெட்டிலுக்கு மவுசு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்த நாடு கெட்டிலை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 1990 ஜூலை 4, உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாட்டின் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. தோற்ற துக்கத்திலும் எழுந்து போய் கெட்டிலைப் போட்டிருக்கிறார்கள்! இப்படிப்பட்ட திடீர் தேவைக்குக் கைகொடுக்க வேல்ஸின் டினோர்விக்கில் மலைமேல் ஏரியில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள்; திறந்துவிட்டால் சில நொடிகளில் மின்சாரம்.

குறைகளுக்கு வருகிறேன். குறைந்தபட்ச அளவே அரை லிட்டர். தனியாளாக ஒரு கப் டீ போட்டால் பாதித் தண்ணீர் வீண். தனக்கு மட்டும் டீ போட்டுக்கொள்ளும் ஆளை இவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை போலிருக்கிறது. அலுவலகத்திலும் இதையேதான் பார்த்தேன். முதல் மூன்று நாள் நான் எழுந்துபோய் எனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டு வந்தேன். நியூ ஜெர்சியில் அப்படித்தான். தப்பாக இருந்தால் யாராவது முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் கெட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: யாருக்கு எவ்வளவு பால், எவ்வளவு சர்க்கரை. ஆறாவதாக என் பெயர், எதிரே கேள்விக்குறி. எழுந்தவன் எல்லோருக்கும் போட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு குறை உப்புப் படிவு. ரெடிங்கில் தண்ணீர் கடினம். மூன்று வாரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அலசினால் போய்விடுகிறது. மூக்கிலுள்ள சல்லடையைக் கழற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும்.

போன மாதம் பாய்லரின் வருடாந்தரப் பராமரிப்புக்கு அதே ஆள் வந்தார். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கெட்டிலைத் தட்டிவிட்டேன். குடித்துவிட்டு "நாட் பேட்" என்றார். இந்த ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடைக்காது. குடித்த குவளையை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது மூடிக்காக: கொதித்த கையோடு திறந்தால் ஆவி நேரே விரலில் அடிக்கிறது. ஒரு நிமிடம் பொறுத்துத் திறங்கள்.