1951-ஆ, 1978-ஆ: எந்தத் துரத்தல் பெரியது?

அமெரிக்க பேஸ்பால் சீசனின் பின்பாதியில், பட்டியலில் பின்தங்கிய அணி முதலிடத்தை எட்டிப்பிடித்த துரத்தல்களில் என் ஓட்டு 1978-க்குத்தான். 1951-ம் லேசுப்பட்டதல்ல. ஆகஸ்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸை விட 13 ஆட்டங்கள் பின்தங்கிய நியூயார்க் ஜயண்ட்ஸ், கடைசி 44-இல் 37 வென்று சமன் செய்தது. சமனை முறிக்க நடந்த பிளேஆஃபின் கடைசி ஆட்டத்தையும், தன் வீரர் பாபி தாம்சனின் ஹோம் ரன்னில் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) 5-4 என வென்றது. ஆனால் எப்படிப் பந்து வீச வேண்டும் என எதிரணி கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) காட்டும் சைகைகளை, ஜயண்ட்ஸ் தொலைநோக்கி வைத்துத் திருடியது பின்னாளில் அம்பலமானது. அதுதான் உறுத்துகிறது.

1978-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி பாஸ்டன் அணிக்கு 14 ஆட்டங்கள் பின்னால். செப்டம்பரில் பாஸ்டன் மைதானத்திலேயே நான்கு ஆட்டங்களையும் வென்றது. மொத்த ரன் கணக்கு 42-9! பின்தங்கிப்போன பாஸ்டனோ கடைசி எட்டையும் வென்று சமனுக்கு வந்தது. அப்புறம் சமனை முறிக்க ஒரே ஒரு ஆட்டம். காலில் பந்து பட்டு நொண்டிய யாங்கீஸ் வீரர் பக்கி டென்ட், மட்டையை மாற்றிக்கொண்டு மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். இங்கேயும் 5-4, யாங்கீஸுக்கு வெற்றி.