வெந்தய வரியனுக்கு இந்த லென்ஸ் தேவையில்லை

மாசி பிறந்ததிலிருந்து பட்டாம்பூச்சி படமெடுக்க இந்த நாலு டயாப்டர் (பெரிதாக்கும் சக்தியின் அளவு) க்ளோஸ்-அப் லென்ஸை என் கேனன் 55-250 ஜூம் லென்ஸுக்கு முன்னால் திருகிக்கொண்டு சென்னை ரெட்டேரிக் கரையில் மண்டியிட்டுக் கிடக்கிறேன். 58 மி.மீ. மரை, உள்ளே இரண்டு கண்ணாடி, விலை நாலாயிரத்துச் சொச்சம். சின்னப் பூச்சிகளைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்க வசதி இல்லாதவன் பிழைப்பு இது.

முதலில் ஏமாந்த கதை. பாரிமுனையில் அறுநூறு ரூபாய்க்கு ஒன்று, இரண்டு, நாலு, பத்து டயாப்டர் என்று ஒரு செட் வாங்கினேன். பத்தை மாட்டினால் பூச்சிக்குப் பத்து சென்டிமீட்டர் பக்கத்தில் போக வேண்டும். எந்தப் பட்டாம்பூச்சி அதுவரை உட்கார்ந்திருக்கும்? என் நிழல் பட்டதுமே போய்விடும். ஒற்றைக் கண்ணாடி வேறு; இறக்கை ஓரமெல்லாம் ஊதாக் கோடு.

இந்த இரட்டைக் கண்ணாடி லென்ஸில் பூச்சிக்கு இடைவெளி கால் மீட்டர். அதுதான் அருமை. ஜூமை 250-இல் வைத்தால் பூச்சி தன் அசல் அளவிலேயே, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும்.

தொல்லையும் அதுதான். சென்சார் அகலமே 22 மி.மீ. எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இறக்கை விரித்தால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். கண்ணும் கழுத்துப் புள்ளியும்தான் கிடைக்கும். அதற்கு வெறும் 55-250 போதும், 85 செ.மீ. தள்ளி நின்றாலே படம் நிறைந்துவிடும். எருக்கின் விஷம் புழுவாக இருக்கும்போதே உடம்பில் ஏறிவிடுவதால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடாது. அந்தத் தெனாவட்டில் மெதுவாகத்தான் பறக்கும், நமக்கு நல்லது.

இந்த லென்ஸ் நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சிகளுக்குத்தான். வெயில் ஏறுவதற்கு முன், ஆறரை மணிக்கு, வெட்டுக்காயப் பூண்டில் இறக்கையை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கும். அன்றைக்கு ஒன்று கிடைத்தது: உணர்கொம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வளையல், கண்ணைச் சுற்றி வெள்ளை விளிம்பு, சாம்பல் இறக்கையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெள்ளைக் கரை. லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் தேறாது. கேமராவை இறக்கைக்கு நேர் இணையாகப் பிடிக்காவிட்டால் கண் இருக்கும், வால் பக்கம் கரைந்துவிடும். இருபது படத்தில் ரெண்டு தேறினால் சந்தோஷம்.

மாட்டியிருக்கும்போது கால் மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. போன ஞாயிறு சிவந்த உடம்போடு ஒரு கறுப்பழகி வந்து உண்ணிச்செடியில் உட்கார்ந்தாள். நான் இந்த லென்ஸைத் திருகிக் கழற்றி முடிப்பதற்குள் சாலையைத் தாண்டிவிட்டாள். கழற்றியதைச் சட்டென்று போட, கழுத்தில் ஒரு சின்னப் பை தொங்கவிட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு தருவேன்.

குனிந்து கிடந்த என்னைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "இன்னா சார், சாவி கீவி தொலச்சிட்டியா?" திரையைக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், ரொம்ப நேரம்.

"மீசைக்கு வளையல் போட்டுகீதுபா."