மட்டக்களப்பு வானில் எந்தப் பேரடை: என்ஜிசி 1365 அல்லது மெசியே 58?

இரண்டும் நடுவில் விண்மீன்களாலான குறுக்குச் சட்டம் கொண்ட சுருள் பேரடைகள், அதாவது விண்மீன்களின் பெருந்திரள்கள். என்ஜிசி, மெசியே என்பவை வான்பொருள் பட்டியல்களின் பெயர்கள். இரண்டும் ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில், தனித்தனிப் பேரடைக் கொத்துகளுக்குள் இருக்கின்றன.

அழகில் என்ஜிசி 1365தான். போர்னாக்ஸ் கொத்தைச் சேர்ந்தது. குறுக்கே ஏறத்தாழ 2 இலட்சம் ஒளியாண்டு. அதன் நீண்ட சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கைகள் வளைந்து போகும். ஐரோப்பாவிலிருந்து பார்ப்போருக்கு அடிவானத்தில் ஒட்டிக் கிடப்பது, நமக்குத் தெற்கே 46 பாகை உயரத்துக்கு ஏறி வரும். ஆனால் அது முன்னிரவில் உச்சிக்கு வருவது மார்கழி, தை மாதங்களில். அப்போது மாரி மழை, முகில். அதனால் செப்டெம்பர் தொடக்கத்தில், விடியுமுன் 5 மணியளவில் தேடுங்கள். பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைப் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும்.

கன்னிக் கொத்திலுள்ள மெசியே 58 மே மாத முன்னிரவில் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே நிற்கும். மழையும் குறைவு. கைகள் மங்கல்தான், 8 அங்குலத் தொலைநோக்கியிலும் நடுவில் ஒளித்திட்டே தெரியும். ஆனாலும் பிள்ளைகளோடு முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு இதையே சொல்வேன்: அருகிலேயே மெசியே 59, 60 என அடுத்தடுத்துப் பேரடைகள் கிடைக்கும்.