கடலோரம் தங்கிவர: தாரா, பொலீரோ கேம்பரா?

காங்கேயத்திலிருந்து கடலைப் பார்க்கணும்னா தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி என்று 300 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் போய் லாட்ஜில் படுப்பதா என்றுதான் மணப்பாடு, பெரியதாழைப் பக்கம் வண்டியிலேயே தங்க ஆரம்பித்தோம். கூரையில் கூடாரம் மாட்டிய மஹிந்திரா தார் ஜீப் ஒன்று, பின்தொட்டியில் படுக்கைப் பெட்டி வைத்த பொலீரோ கேம்பர் 4x4 பிக்கப் ஒன்று. நான் எடுத்தது கேம்பர், அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீங்க.

மணலில் ஓட்ட தார்தான் சுகம். நீளம் குறைவு, சட்டென்று திரும்பும், விற்கப் போனாலும் ஆள் நிற்கிறது. டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது இரண்டுக்கும் பொது.

என்னைக் கேம்பர் பக்கம் தள்ளியது உப்பு. கடலோரம் போய் வந்தால் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவு என்று எல்லாரும் சொன்னார்கள், எந்தத் தண்ணியில் என்று யாரும் சொல்லவில்லை! எங்கள் தோட்டத்துப் போர்த் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. முதல் வருசம் அதிலேயே கழுவி, காய்ந்ததும் பார்த்தால் சேசிஸ் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. இப்போது ஆற்றுத் தண்ணி ஒரு டேங்கர் வாங்கித்தான் கழுவுகிறேன். கேம்பரில் நான்கு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி வந்துவிடும், தொட்டியையும் செயின் பிளாக்கில் தூக்கிவிட்டால் சேசிஸ் கண்ணுக்கு முன்னால். கேம்பர் மஞ்சள் போர்டு வண்டி, அதற்கு முதல் 8 வருசம் 2 வருசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருசா வருசம் எப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கணும். அது தொல்லைதான், ஆனால் எப்.சி.க்கு எப்படியும் பெயின்ட் அடிக்கணும், அதோடு துரு வேலையும் முடிந்துவிடுகிறது. தாரில் பாடியைத் தூக்கிப் பார்க்கிற வேலையை யார் செய்வார்கள்?

பெட்டியில் நானும் ஏமாந்தேன். பட்டறையில் அலுமினியத் தகட்டுக்குச் சாதா இரும்பு ஸ்குரு போட்டுவிட்டார்கள். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். ஒரே மழைக்காலத்தில் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி. இப்போது 316 ஸ்டெயின்லெஸ், நடுவில் நைலான் வாஷர்.

தார் கூடாரத்தில் மச்சானோடு இரண்டு ராத்திரிதான் படுத்திருக்கிறேன், அதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. காற்று நன்றாக வந்தது, விடிய விடிய துணி படபடத்தது, காலையில் பனியில் நனைந்ததை அப்படியே மடித்து, வீட்டில் வந்து விரித்தால் பூஞ்சை வாடை. பெட்டிக்குள் அந்தத் தொல்லை இல்லை, புழுக்கம் உண்டு.

எந்த வண்டியானாலும் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, படகு இழுக்கிற இடத்தை விட்டு, பனைமரங்களுக்கு உள்பக்கமாக நிறுத்துங்க. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் நான் கடற்கரை மணலில் சக்கரமே வைப்பதில்லை.