சும்பாவா வழியாக ஃபுளோரஸ் செல்வோர் கவனத்திற்கு: முழு வழிக்கும் ஒரே இடத்தில் பணம் கட்டாதீர்கள்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலிருந்து ஜாவா, பாலி, லொம்பொக், சும்பாவா தீவுகளைப் பேருந்திலும் கப்பலிலுமாகக் கடந்து ஃபுளோரஸை அடைவது என்று நானும் என் தம்பியும் கடந்த ஜனவரியில் புறப்பட்டோம். லொம்பொக் வரை அந்தந்தக் கட்டத்துக்கு அவ்வப்போது நாங்களே சீட்டு வாங்கினோம். ஒரு குறையும் நேரவில்லை.

லொம்பொக்கின் செங்கிகி கடற்கரையில் ஒரு பயண முகவரிடம்தான் ஏமாந்தோம். லொம்பொக்கின் மாத்தாராம் நகரிலிருந்து சும்பாவாவின் கிழக்கே உள்ள பீமா வரை பேருந்து, அதற்கருகே உள்ள சாப்பே துறைமுகத்திலிருந்து ஃபுளோரஸின் லபுவான் பாஜோவுக்குக் கப்பல், அங்கிருந்து கொமோடோ தீவுகளுக்கு மூன்று நாள் படகு என அனைத்துக்கும் சேர்த்து இருவருக்கு 38 லட்சம் ரூபியா ரொக்கமாக வாங்கிக்கொண்டு, கையால் எழுதிய ஒரே ரசீதைக் கொடுத்தார். சாப்பே கப்பல் ஓடுகிறதா என்று நான் குறிப்பாகக் கேட்டேன். தினமும் ஓடுகிறது என்றும், தேதி மாறினாலும் கூடுதல் கட்டணம் கிடையாது என்றும் உறுதி சொன்னார்.

இரவு முழுவதும் பயணம் செய்து பீமாவில் இறங்கி, சிறு பேருந்தில் சாப்பே சேர்ந்தபோது துறைமுகம் வெறிச்சோடிக் கிடந்தது. உயர் அலை காரணமாகக் கப்பல்கள் நிறுத்தப்பட்டுள்ளன என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்த தேதி, நாங்கள் பணம் கட்டியதற்கு முந்தைய நாள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிப்பது வழக்கம்; கப்பலை நிறுத்திய அதிகாரிகள் செய்தது முற்றிலும் சரி. கப்பல் நின்றுவிட்டதை ஒரு தொலைபேசி அழைப்பில் அறிந்துகொள்ளக்கூடிய ஒருவர், அதை மறைத்துப் பணம் வாங்கினார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி சீட்டு கொடுக்கும் இடத்தில் காத்திருந்தது. எங்கள் ரசீதைப் பார்த்த ஊழியர், இது கப்பல் சீட்டே அல்ல, உங்கள் பெயரில் எதுவும் பதிவாகவில்லை, இங்கே புறப்படும் நாளில்தான் சீட்டு விற்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார். அதாவது நாங்கள் கொடுத்த பணத்தில் பீமா வரையிலான பேருந்துக் கட்டணம் மட்டுமே உரிய இடத்துக்குப் போயிருக்கிறது.

முகவரை வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டோம். நாளை கப்பல் வரும் என்றார். மறுநாள், வானிலைக்குத் தாம் பொறுப்பல்ல என்றார். மூன்றாம் நாள், தேதியை மாற்ற மேலும் 10 லட்சம் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எங்கள் எண்ணை முடக்கிவிட்டார். வேறு வழியின்றித் திட்டத்தை மாற்றி, பீமாவிலிருந்து விமானத்தில் பாலிக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடியும் லபுவான் பாஜோவுக்குப் பறந்தோம். தரைவழியாகவே செல்ல வேண்டும் என்று ஓராண்டாகச் சேமித்த தம்பியின் முகத்தை அன்று பார்க்க முடியவில்லை. லபுவான் பாஜோவில் ரசீதில் குறித்திருந்த படகைத் தேடிப் போனால், அதன் பயணிகள் பட்டியலிலும் எங்கள் பெயர் இல்லை.

இந்த வழியில் செல்வோர் மாத்தாராமின் மண்டாலிகா பேருந்து நிலையத்தில் பீமா வரை மட்டும் சீட்டு வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தோனேசிய வானிலைத் துறையின் கடல் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். கொமோடோ படகை லபுவான் பாஜோவில் இறங்கிய பிறகு, படகைக் கண்ணால் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். அலை உயர்ந்தால் அங்கும் சுற்றுலாப் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.